நெடுந்தூர விமானப் பயணமும் நேர மாற்றமும்: நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

மகளின் பேறுகாலத்திற்கும் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்கும் வெளிநாடு செல்லும் பெற்றோர் இன்று ஏராளம். பயணத்திற்கு முன் அவர்களுள் பலர் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வந்து, மூன்று மாதத்திற்கோ ஆறு மாதத்திற்கோ மருந்துச் சீட்டு எழுதி வாங்கிச் செல்கின்றனர். எத்தனை மாத்திரைகள் எடுத்துச் செல்ல வேண்டும் என்று அனைவரும் கேட்கின்றனர். அவற்றை விமானத்தில் எந்த நேரத்தில் உட்கொள்ள வேண்டும் என்று கேட்பவர் மிகச் சிலரே. கூட்டம் மிகுந்த நாட்களில் நாங்களும் அதை எடுத்துச் சொல்லத் தவறியதுண்டு. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

ஒரு நிகழ்வு

நீரிழிவுக்குக் காலையும் இரவும் உணவுக்கு முன் கலவை இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஓர் அம்மையார், கோடைக்காலத்தில் நியூயார்க்கில் உள்ள மகள் வீட்டிலிருந்து சென்னை திரும்பினார். புறப்படும் நாளன்று மாலை 7 மணிக்கு மகள் வீட்டிலேயே ஊசி போட்டுக்கொண்டு உணவருந்தினார். இரவு 11 மணிக்கு விமானம் ஏறினார். மறுநாள் நியூயார்க் நேரம் காலை 9.30-க்குக் காலை உணவு வந்தது. காலை ஊசியைப் போட்டுக்கொண்டார். அப்பொழுது சென்னையில் மாலை 7 மணி. வளைகுடா நகரம் ஒன்றில் இறங்கி அடுத்த விமானம் ஏறியபின், சென்னை நேரம் இரவு 1 மணிக்கு இரவு உணவு பரிமாறினர்; இரவு ஊசியைப் போட்டுக்கொண்டார். விடியற்காலை வீடு வந்து சேர்ந்து, குளித்து, 8 மணிக்குக் காலை ஊசி போட்டுக்கொண்டார். களைப்பினால் ஒரே ஓர் இட்டிலியும் காப்பியும் போதுமென்று படுத்துவிட்டார்.

"விமானத்தில் வந்த அலுப்பு, அம்மா நன்றாகத் தூங்கட்டும்" என்று மகன் அறைக் கதவைச் சாத்திவிட்டார். நண்பகலில் உணவுக்கு எழுப்பச் சென்ற மருமகள், தலையணை வியர்வையில் நனைந்திருப்பதையும், மாமியாரின் பேச்சு குழறுவதையும் கண்டார். அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அவர் கொண்டுவரப்பட்டபோது இரத்தச் சர்க்கரை 38 மில்லிகிராம். குளுக்கோஸ் செலுத்தியதும் நினைவு தெளிந்தது. இரண்டு நாட்களில் நலமுடன் வீடு திரும்பினார். இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கக்கூடும்.

அந்த அம்மையார் கவனக்குறைவானவர் அல்லர். காலை உணவுக்குக் காலை ஊசி, இரவு உணவுக்கு இரவு ஊசி என்று நாங்கள் சொல்லிக்கொடுத்ததை அப்படியே பின்பற்றினார். ஆனால் வழக்கமாக 24 மணி நேரத்தில் பரவி அமைய வேண்டிய மூன்று ஊசிகள், அன்று 13 மணி நேரத்திற்குள் அடங்கிவிட்டன. ஓர் ஊசியின் செயல் ஓயும் முன்னரே அடுத்தது சேர்ந்துகொண்டது. நள்ளிரவில் போட்ட நடு ஊசி இல்லாதிருந்தால், எஞ்சிய இரண்டுக்கும் இடையே 13 மணி நேரம் இருந்திருக்கும். அது ஏறத்தாழ அவருடைய வழக்கமான இடைவெளி.

இந்நிகழ்வில் இரண்டு பாடங்கள் உள்ளன. பயணத்தில் மருந்தை உணவின் பெயரைக் கொண்டு கணக்கிடாமல், முந்தைய வேளையிலிருந்து எத்தனை மணி நேரம் கழிந்தது என்பதைக் கொண்டு கணக்கிட வேண்டும். பயணம் முடிந்து அயர்ந்து கிடப்பவரின் அயர்வு முழுவதும் பயணக் களைப்பே என்று குடும்பத்தினர் முடிவு செய்துவிடக் கூடாது.

உடலுக்குள் இயங்கும் கடிகாரம்

ஜெட் லேக் எனப்படும் நேரமாற்றச் சோர்வு எவ்வாறு உண்டாகிறது என்பதை அறிந்தால், அதை எதிர்கொள்வது எளிதாகும். மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி உள்ளது. அதில் ஏறக்குறைய 20,000 நரம்பணுக்களைக் கொண்ட சிறு தொகுதி ஒன்று, உடலின் தலைமைக் கடிகாரமாக இயங்குகிறது. உறக்கம், உடல் வெப்பம், பசி, சிறுநீர் உற்பத்தி, இரத்த அழுத்தம், பல ஹார்மோன்களின் சுரப்பு ஆகியவற்றின் அன்றாட ஏற்ற இறக்கம் இதைச் சார்ந்தே அமைகிறது. ஒவ்வோர் உயிரணுவிற்குள்ளும் இத்தகைய தாளம் எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கண்டறிந்தமைக்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017-இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இக்கடிகாரத்தைத் திருத்தியமைக்கும் முதன்மையான ஆற்றல் வெளிச்சம். விழித்திரையில் படும் ஒளி பகலென உணர்த்துகிறது. இருள் சூழ்ந்ததும் மெலடோனின் சுரந்து இரவென உணர்த்துகிறது. விமானம் சில மணி நேரத்தில் பல நேர மண்டலங்களைக் கடந்துவிடும். உடற்கடிகாரமோ நாளொன்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் வரையே நகரும். எனவே 9 மணி நேர வேறுபாடு உள்ள ஊருக்குச் சென்றவர், முழுமையாகப் பழகிக்கொள்ள ஒரு வாரத்திற்கு மேலாகலாம். இரவில் விழிப்பு, பகலில் தூக்கம், மந்தமான பசி, மலச்சிக்கல், எரிச்சல், கவனக் குறைவு ஆகியவை இந்த இடைக்காலத்தில் இயல்பாக ஏற்படுபவை.

மனிதரின் உடற்கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீண்டது. ஆகவே நாளை நீட்டித்துக்கொள்வது அதற்கு எளிது, சுருக்கிக்கொள்வது கடினம். மேற்கு நோக்கிச் செல்லும்போது நாள் நீள்கிறது. கிழக்கு நோக்கிச் செல்லும்போது சுருங்குகிறது. சென்னையிலிருந்து இலண்டனுக்கும் நியூயார்க்குக்கும் செல்வதைவிட அங்கிருந்து திரும்புவது பலருக்குக் கடினமாக இருப்பது இதனால்தான். மருந்துகள் நெருங்கிவிடும் ஆபத்தும் கிழக்கு நோக்கிய பயணத்திலேயே மிகுதி. சிங்கப்பூருடன் நமக்கு 2½ மணி நேர வேறுபாடே உள்ளதால், அங்குச் செல்வோர் இதுபற்றிப் பெரிதும் கவலைப்பட வேண்டியதில்லை.

பயணத்திற்கு மூன்று வாரங்களுக்கு முன்

பயணச்சீட்டின் நகலுடன் உங்கள் மருத்துவரைப் பாருங்கள். புறப்படும் நேரம், விமானம் மாறும் ஊர், சேரும் நேரம் ஆகியவை தெரிந்தால்தான் மருந்து அட்டவணை எழுத இயலும். ஒரு தாளில் மூன்று பத்திகள் போதும்: மருந்தின் பெயரும் அளவும், புறப்படும் ஊரின் நேரம், சேரும் ஊரின் நேரம். போவதற்கு ஒன்றும் திரும்புவதற்கு ஒன்றுமாக இரண்டு தாள்கள் வேண்டும். பயணத்தின்போது ஒரு கைக்கடிகாரத்தைப் புறப்பட்ட ஊரின் நேரத்திலேயே வைத்திருந்து, ஒவ்வொரு வேளையையும் போட்டவுடன் தாளில் குறித்துக்கொள்வது நல்லது. கைபேசி தானாகவே நேரத்தை மாற்றிக்கொள்ளும் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

மருந்துகளைப் பொறுத்துச் சில பொது விதிகள் உண்டு:

1. இன்சுலின்: கிழக்கு நோக்கிய பயணத்தில் நாள் சுருங்குவதால் மொத்த அளவு குறையலாம், மேற்கு நோக்கிய பயணத்தில் கூடுதல் அளவு தேவைப்படலாம். எவ்வளவு என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள் அடிப்படை இன்சுலினை எக்காரணம் கொண்டும் முழுமையாக நிறுத்தக் கூடாது. பயணம் முழுவதும் 4 முதல் 6 மணி நேரத்திற்கு ஒருமுறை குளுக்கோமீட்டரில் சர்க்கரையைப் பாருங்கள்.

2. சர்க்கரை மாத்திரைகள்: கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் உணவு தவறினால் சர்க்கரையை மிகவும் தாழ்த்தக்கூடியவை. உணவு உறுதியான பின்னரே உட்கொள்ளுங்கள்.

3. இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள்: நாளுக்கு ஒருமுறை உட்கொள்பவற்றுக்கு ஏறத்தாழ 24 மணி நேரமும், இருமுறை உட்கொள்பவற்றுக்கு 12 மணி நேரமும் இடைவெளி பேண வேண்டும். நேரத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தும் முறையை மருத்துவர் எழுதித் தருவார்.

4. வலிப்பு மருந்துகள்: ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. தூக்கமின்மையே வலிப்பைத் தூண்டக்கூடும் என்பதால், இந்நோயாளிகள் இரவு விமானத்தைத் தவிர்க்க முடிந்தால் நல்லது.

5. தைராய்டு மாத்திரை: நாளுக்கு ஒருமுறை என்பதால், சென்று சேர்ந்த ஊரின் காலை நேரத்திற்கு மாற்றிக்கொள்வதில் பொதுவாக இடர் இல்லை.

மருந்துகள் அனைத்தும் கைப்பையிலேயே இருக்க வேண்டும். சரக்குப் பகுதியில் செல்லும் பெட்டி தாமதமாகலாம்; அங்குள்ள குளிரில் இன்சுலின் உறைந்து வீணாகவும்கூடும். மருந்துகளை அவற்றின் சொந்த அட்டைப்பெட்டியிலேயே, மருத்துவரின் கடிதத்துடனும் பொதுப்பெயர் எழுதிய மருந்துச் சீட்டுடனும் எடுத்துச் செல்லுங்கள். டிரமடால் போன்ற வலி நிவாரணிகள், கோடீன் கலந்த இருமல் மருந்துகள், தூக்க மாத்திரைகள் ஆகியவற்றுக்கு வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் கடும் கட்டுப்பாடுகள் உள்ளன. முன்கூட்டியே அனுமதி பெறாமல் அவற்றைக் கொண்டு செல்லாதீர்கள்.

விமானத்தினுள்

பறக்கும் விமானத்தினுள் காற்றழுத்தம், ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலைப்பகுதியில் இருப்பதைப் போன்றது. உதகமண்டலத்தின் உயரத்தை இதற்கு ஒப்பிடலாம். நலமுள்ளவருக்கு இது பொருட்டன்று. நாட்பட்ட நுரையீரல் நோய், இதயச் செயலிழப்பு, கடும் இரத்தசோகை உள்ளவர்களுக்கு ஆக்சிசன் அளவு தாழக்கூடும். இத்தகையோர் முன்னரே பரிசோதித்துக்கொண்டு, விமான நிறுவனத்தின் மருத்துவத் தகுதிப் படிவத்தை மருத்துவரிடம் நிரப்பிப் பெற வேண்டும். ஆக்சிசன் கருவியோ சக்கர நாற்காலியோ தேவையெனில் பயணச்சீட்டு வாங்கும்போதே தெரிவிப்பது நல்லது.

விமானக் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 20 விழுக்காட்டிற்கும் குறைவு. கண்ணும் மூக்கும் தொண்டையும் வறளும். கண்ணுக்குள் அணியும் லென்சுக்கு மாற்றாகக் கண்ணாடி அணியுங்கள். உப்புநீர் மூக்குச் சொட்டு மருந்து இதம் தரும். தண்ணீரைச் சிறிது சிறிதாக அருந்துங்கள். ஆனால் இதயம் அல்லது சிறுநீரக நோய்க்காக நீரின் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள், விமானத்தில் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்னும் பொது அறிவுரையைப் பின்பற்றக் கூடாது. தங்களுக்குச் சொல்லப்பட்ட அளவையே கடைப்பிடிக்க வேண்டும்.

நெடுநேரம் அசையாமல் அமர்ந்திருப்பதால் காலின் ஆழ்சிரைகளில் இரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது. நான்கு மணி நேரத்திற்கு மேற்பட்ட பயணத்தில் இவ்வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-இல் தெரிவித்தது. நலமுள்ளவர்களுக்கு அது ஏறக்குறைய 6,000 பேரில் ஒருவருக்கே நிகழும் என்பதால் அஞ்ச வேண்டியதில்லை. முன்பு இரத்தக் கட்டி வந்தவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்கள், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், கருவுற்ற பெண்கள், மிகுந்த உடற்பருமன் உள்ளவர்கள் ஆகியோர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். அவர்களுக்கு முழங்கால் வரையிலான அழுத்தக் காலுறையோ தடுப்பு ஊசியோ தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். காலின் தமனிகளில் அடைப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் அழுத்தக் காலுறை அணியக் கூடாது.

அனைவரும் செய்யத்தக்கவை எளியவை. நடைபாதையை ஒட்டிய இருக்கையைக் கேட்டுப் பெறுங்கள். விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை குதிகாலையும் முன்பாதத்தையும் மாறி மாறி உயர்த்தித் தாழ்த்திக் கெண்டைக்காலை இயக்குங்கள். விளக்கணைந்து அனைவரும் உறங்கினாலும் கழிப்பறை வரை நடந்து வரத் தயங்காதீர்கள். இடுப்பில் இறுக்கமாக முடிச்சிடும் உடைகளைத் தவிர்த்து, தளர்வான பருத்தி உடை அணியுங்கள். கால் வீங்கும் என்பதால் சற்றுத் தளர்வான காலணி வேண்டும். நீரிழிவினால் பாத உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலுடன் விமானத்தில் நடக்கக் கூடாது. இறங்கியதும் பாதத்தில் கொப்புளமோ காயமோ உள்ளதா எனப் பாருங்கள்.

உணவு நேரத்திற்கு முன் இன்சுலின் போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். காற்று கொந்தளித்தால் பரிமாறுவதை நிறுத்திவிடுவர். உணவுத் தட்டு உங்கள் முன் வந்த பின்னரே ஊசி போடுங்கள். நீரிழிவு உணவு என்று முன்பதிவு செய்தால் சில வேளைகளில் மாவுச்சத்து மிகக் குறைவாக இருக்கும். எனவே பிஸ்கட்டும் பழமும் கையில் இருக்கட்டும்.

உறங்க விரும்பினால் கம்பளியின் மேலாக இருக்கை வாரை அணிந்துகொள்ளுங்கள். பணியாளர் சரிபார்ப்பதற்காக உங்களை எழுப்ப வேண்டியிராது. கழுத்துத் தலையணையும் கண்மறைப்பும் உதவும். மதுவையும், மருத்துவர் தராத தூக்க மாத்திரைகளையும் தவிர்க்க வேண்டும். அவை மூச்சை மந்தமாக்கும். முதியோருக்குக் குழப்பத்தை உண்டாக்கும். அசையாமல் கிடக்கச் செய்து இரத்தம் உறையவும் வழிவகுக்கும்.

சென்று சேர்ந்த பின்

முதல் சில நாட்களில் வெளிச்சத்தைக் காணும் நேரமே மருந்தாகும். சென்னையிலிருந்து நியூயார்க் போன்ற ஊருக்குச் சென்றவர்கள், பிற்பகல் வெயிலில் சிறிது நடந்து, மாலையில் விளக்கைத் தணித்து, அவ்வூர் நேரம் 9 மணியளவில் படுப்பது நல்லது. நள்ளிரவில் விழிப்பு வந்தால் கைபேசியையோ தொலைக்காட்சியையோ பார்க்காமல், மங்கிய ஒளியில் அமைதியாகப் படுத்திருங்கள். அங்கிருந்து சென்னை திரும்பியவர்கள், முதல் இரண்டு நாட்கள் காலையின் கடும் வெளிச்சத்தைத் தவிர்த்து, பிற்பகல் 2 மணிக்குமேல் வெளியே செல்லலாம். பிறகு நாள்தோறும் அதைச் சிறிது முன்னதாக்கிக்கொள்ளலாம். இலண்டனிலிருந்து திரும்பியவர்களுக்குக் காலை 9 மணிக்குமேல் வரும் வெளிச்சமே நன்மை தரும். பகலில் தாங்க முடியாத தூக்கம் வந்தால் 20 அல்லது 30 நிமிடம் மட்டும் உறங்கி எழுங்கள். உணவை முதல் நாளிலிருந்தே அவ்வூர் வேளைக்கு உண்ணுங்கள்.

ஐந்துக்கு மேற்பட்ட நேர மண்டலங்களைக் கடப்பவர்களுக்குச் சென்று சேர்ந்த ஊரின் உறங்கும் வேளையில் உட்கொள்ளும் மெலடோனின் பயன் தரலாம். வார்ஃபரின் போன்ற மருந்து உட்கொள்பவர்களும் வலிப்பு நோயாளிகளும் மருத்துவரைக் கேளாமல் அதை வாங்கக் கூடாது.

முதியோரைப் பற்றி ஒரு வேண்டுகோள். சிறுநீர் உற்பத்தியும் உடற்கடிகாரத்தைச் சார்ந்தது என்பதால், முதல் வாரத்தில் இரவில் பலமுறை எழ நேரும். புதிய வீடு, பழகாத படிக்கட்டு, தூக்கக் கலக்கம் மூன்றும் சேரும்போது விழுந்து இடுப்பெலும்பு முறியும் ஆபத்து உண்டு. படுக்கையிலிருந்து கழிப்பறை வரை மங்கிய இரவு விளக்கு வையுங்கள். எழுந்தவுடன் நடக்காமல், ஒரு நிமிடம் படுக்கையில் அமர்ந்து பின் எழச் சொல்லுங்கள்.

பயணத்தைத் தள்ளிப்போட வேண்டியவர்கள்

உயரத்தில் வாயு விரிவடையும். எனவே விழித்திரை அறுவைச் சிகிச்சையில் கண்ணுக்குள் வாயு நிரப்பப்பட்டவர்கள், அது முற்றிலும் கரையும்வரை விமானம் ஏறவே கூடாது, பார்வை பறிபோகலாம். அண்மையில் மாரடைப்பு, பக்கவாதம், வயிறு அல்லது மார்பு அறுவைச் சிகிச்சை நேர்ந்தவர்களும், நுரையீரல் உறையில் காற்று தேங்கியவர்களும் மருத்துவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலின்றிப் பயணம் செய்யலாகாது.

களைப்பு என்று விட்டுவிடக் கூடாதவை

நீரிழிவு உள்ளவர் பயணத்திற்குப் பின் வழக்கத்தைவிட அயர்ந்திருந்தாலோ, வியர்த்தாலோ, பேச்சுக் குழறினாலோ, பிற அனைத்துக்கும் முன் சர்க்கரையைப் பாருங்கள். 70 மில்லிகிராமுக்குக் கீழிருந்து அவரால் விழுங்க முடியுமெனில், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். நினைவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே ஆம்புலன்சை அழையுங்கள்.

ஒரு காலில் மட்டும் வீக்கம், கெண்டைக்கால் வலி, திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் இரத்தம் ஆகியவை இரத்தக் கட்டியின் அறிகுறிகளாக இருக்கலாம். இவை பயணம் முடிந்து நான்கு வாரங்கள் வரையிலும்கூடத் தோன்றலாம். மருத்துவரிடம் செல்லும்போது விமானப் பயணம் செய்ததை மறவாமல் சொல்லுங்கள்.

அவசர உதவி எண்கள்: இந்தியாவில் ஆம்புலன்சுக்கு 108, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, பிரிட்டனில் 999, சிங்கப்பூரில் 995, ஆஸ்திரேலியாவில் 000. வயதான பெற்றோர் தனியே இருக்கும் வேளைகளுக்காக, அவ்வூர் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

அந்த அம்மையார் சென்ற ஆண்டு மீண்டும் மகள் வீட்டுக்குச் சென்று வந்தார். இம்முறை பயணச்சீட்டின் நகலுடன் வந்திருந்தார். இரண்டு தாள்களையும் அவருடன் அமர்ந்து எழுதினோம். திரும்பி வந்த அன்று காலை, படுக்கும் முன் அவருடைய சர்க்கரையைப் பார்த்ததும், இரண்டு மணி நேரம் கழித்து அவரை எழுப்பி மறுபடி பார்த்ததும் அந்த மருமகளே. பயணம் செல்லும் ஒவ்வொருவருக்கும் வீட்டில் அப்படி ஒருவர் துணையிருக்க வேண்டும். உங்கள் பயணத் தேதி முடிவானதும் எங்களிடம் வாருங்கள். உங்களுக்குரிய தாளையும் எழுதித் தருகிறோம்.